சின்னவருக்கு விடை

உ
திருப்பூர்
28-7-66

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தண்டாயுதபாணி எழுதுவது. இங்கே நானும் சென்னம்மாளும் பாப்பாவும் சௌக்கியம். பாப்பாவுக்கு முன்பல் வந்துவிட்டது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கிறாள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? குண்டடத்துப் பக்கம் ஒரு மழையாவது உண்டா? கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா?

நிற்க. ஒரு சங்கதி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு பையன். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். வெளுத்த முகம், இந்தக் காலத்தில் தலையில் குடுமி. பருத்தி ஏற்றி வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தானாம். "தண்டாயுதபாணி ஊடு இதுதானுங்களா?" என்றான். ஆமாம் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கொப்பன் சாடை அப்படியே இருக்குது கண்ணு" என்கிறான். என்னைவிட இளையவன் என்னைக் கண்ணு என்கிறான்! சென்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பேர் அப்புசாமி, நமக்குப் பங்காளி, மாரக்காளுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறான். வெயில் ஆகாதாம். பகல் முழுதும் சாமான் அறையில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொள்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "பசியில்லீங்க அம்மிணி" என்கிறான். எங்கள் பனியன் கம்பெனி முதலாளி காஜா மொய்தீன் பாய் நைட் ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போய் நிட்டிங் மிஷினில் நிறுத்தினேன். நாலே நாளில் தொழில் பிடிபட்டுவிட்டது. கரண்டு போனால் மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிடுகிறார்கள். இவன் அந்த இருட்டிலேயே அறுந்த நூலை முடிந்து வைத்திருக்கிறான். பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த மாதிரி இன்னும் நாலு பங்காளி இருந்தா வரச் சொல்லப்பா" என்கிறார்.

நம் ஊட்டுக் கோடி அறையில் ஒரு சீக்காளி இருப்பாரே, 'சின்னவரு' என்பார்களே, அவர் மகனா இவன்? எனக்குப் பத்து வயசிலேயே மாமன் இங்கே கூட்டி வந்துவிட்டார், ஒன்றும் சரியாக நினைவில்லை. உடனே எழுதுங்கள்.

உங்கள் பிரியமுள்ள தம்பி,
தண்டாயுதபாணி


குண்டடம்
11-8-66

தம்பி பாணிக்கு அக்கா மாரக்காள் எழுதிக்கொண்டது. நான் சுகம். கிணத்துல தண்ணி இருக்குது. எருமை கன்னு போட்டுது.

வந்திருக்கிறவரை உடனே அனுப்பி வை. செவ்வாய்க்கிழமை அமாவாசை. அதுக்குள்ள அவரு இங்க வந்து சேரணும். எந்த வண்டியானாலும் சரி, பொழுது உழுந்தப்புறம் ஏத்தி விடு. அதுவரைக்கும் பாப்பாவை அவரு கையில குடுக்காதே. ராத்திரியில தாழ்ப்பாள் போட்டுப் படுங்க. அவரை அவன் இவன்னு எழுதாதே. ஏன்னு கேக்காதே.

என் உடம்பைப் பத்திக் கேட்டிருந்தே. சுகம்னு மேலயே எழுதிட்டேன்.

மாரக்காள்


திருப்பூர்
22-8-66

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் கடிதம் அமாவாசைக்கு மறுநாள்தான் கைக்கு வந்தது. இங்கே மூவரும் நலம் என்று எழுத வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி கம்பெனியில் அவசர ஆர்டர் என்று நானும் இருந்தேன். கட்டிங் பார்க்கும் கருப்புசாமியின் விரல் கத்தரியில் மாட்டிக்கொண்டது. மேஜை மேல் இருந்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். நாங்கள் விரலைப் பிடித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அப்புசாமி மிஷினை விட்டுவிட்டு அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா, நான் சின்ன வயசில் நாய்க்கு வெறி பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணை ஒரு மனுஷன் முகத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த நொடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். டார்ச் எடுத்துக்கொண்டு தேடிப் போனால், கழிவுப் பஞ்சு கொட்டும் இடத்தில் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். "நீ யாரு? நெசத்தைச் சொல்லு" என்றேன். "நான் சொன்னா நம்ப மாட்டே கண்ணு. மாரக்காளைக் கேளு. அவ எழுதினா நம்புவே" என்றான். ஊருக்கும் போக மாட்டானாம். "அங்க போனா அவ செத்துருவா" என்கிறான்.

அக்கா, யார் செத்துப்போவார்கள்? இவன் யார்? கேட்காதே என்று எழுதினீர்கள். என் வீட்டில் பால் குடிக்கிற குழந்தை இருக்கிறது. கேட்காமல் எப்படி இருப்பேன்?

தம்பி,
தண்டாயுதபாணி


குண்டடம்
1-9-66

தம்பி பாணிக்கு, மூணு பேரும் நல்லா இருக்கணும்னு மாரியாத்தாளைக் கும்பிட்டுட்டு எழுதறேன். இதைச் சென்னம்மாகிட்டயும் படிச்சுக் காட்டு. அவளுக்குத் தெரியாம அந்த ஊட்டுல இது இருக்கக் கூடாது.

தாது வருசப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பே. நம்ம பூட்டன் சுப்பண்ணன், அவரு தம்பி அப்புசாமி, அவங்க ஆத்தா குப்பாயி, இந்த மூணு பேருந்தான் நம்ம குடும்பத்துல மிஞ்சுனாங்க. தாராபுரத்துல கஞ்சி ஊத்தறாங்கன்னு கேட்டு நடந்தாங்க. வழியில அப்புசாமி சுருண்டு உழுந்து செத்துப்போயிட்டாரு. இருபத்திரண்டு வயசு. ஆத்தாக்காரி அழுகலை. புள்ளையத் தூக்கிட்டுப் போயி சுடுகாட்டோரம் ரத்தக்காட்டேரி கல்லு முன்னால கெடத்துனா. "எம்பட ரத்தத்தை எடுத்துட்டு இவனக் குடு"ன்னு கையை அறுத்து அவரு வாயில ஊத்துனா. "வா சாமி, வா"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தாளாம். பொழுது சாயறப்ப அவரு கண்ணு முழிச்சுட்டாரு.

ஆத்தா அப்பறம் பொழைக்கலை. சாகறப்ப மூத்தவங்கிட்டச் சத்தியம் வாங்குனா, "எம்புள்ள இனிமேப் பசின்னு இருக்கப்படாது"ன்னு.

அந்த அப்புசாமிதான் உன்ற ஊட்டுல இருக்கறவரு. மகனில்லை, பேரனில்லை. அவரேதான். அன்னைக்கு நின்ன வயசு அப்படியே நின்னுபோச்சு. சோறு தண்ணி எறங்காது. வெயில் ஆகாது. அமாவாசைக்கு அமாவாசை நம்ம ரத்தம் வேணும். சின்னவருன்னு கூப்புட்டது அவரு அண்ணன் காலத்துல. அதுக்கப்பறம் வந்த நாங்கெல்லாம் கெழவன் கெழவி ஆனாலும் அவரு பேரு சின்னவருதான்.

தலைமுறைக்கு ஒருத்தர் குடுக்கோணும். முதல்ல சுப்பண்ணன். அப்பறம் அவரு மக மயிலாத்தா. அப்பறம் நம்ம பெரியப்பன் கிட்டுசாமி. அவரு போனப்பறம் நான். சுப்பண்ணனுக்கப்பறம் குடுக்கறவங்க யாரும் கல்யாணம் கட்டறதில்லை. ஒரு ராத்திரி வெளியூர்ல தங்கறதில்லை. எனக்கு வந்த வரனையெல்லாம் அய்யன் எதுக்குத் திருப்பி அனுப்புனாருன்னு நீ ஒருக்காக் கேட்டே. இதுக்குத்தான்.

அவரு யார் மேலயும் பல்லு வெச்சதில்லை. பால் சங்குல புடிச்சுக் குடுப்பேன், முகத்தைத் திருப்பிட்டுக் குடிப்பாரு. ஆனா கிடைக்கலையின்னா அவரு அவரா இருக்கறதில்லை. பெரியப்பன் காச்சல்ல கெடந்த ஒரு அமாவாசையில தொழுவத்துல கன்னுக்குட்டி ரெண்டு செத்துக் கெடந்துச்சு. அதனாலதான் பாப்பாவைக் குடுக்காதேன்னு எழுதுனேன். இப்ப ஒரு அமாவாசை தாண்டியாச்சு. தாமசம் பண்ணாதே. கூட்டிட்டு வா.

மாரக்காள்


திருப்பூர்
7-9-66

அக்காவுக்கு, இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உங்கள் கடிதத்தைச் சென்னம்மாளிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "மீதியையும் படிங்க" என்றாள்.

சின்னவரிடம் பேசினேன். இப்போது அவன் இவன் என்று வாய் வரவில்லை. கடிதத்தில் இருப்பதெல்லாம் நிஜமா என்றேன். தலையாட்டினார். எதற்கு அக்காவை விட்டு வந்தீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன தடவை சங்கைக் குடுக்கறப்பவே மாரக்கா அப்படியே சாஞ்சுட்டா. புடிச்சுப் படுக்க வெச்சேன். நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டா, தண்ணியெறைச்சுக் களைச்ச மாடாட்டத் துடிக்குது. முன்னெல்லாம் ஒரு சங்கு போதும் கண்ணு. வர வரப் பத்தறதில்லை. மயிலாத்தா இப்படித்தான் போனா. கிட்டுசாமி இப்படித்தான் போனான். ஒவ்வொருத்தரையும் தூக்கிட்டுப் போறப்ப நான் கோடி அறையில கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். மாரக்காளையும் குடிச்சுப்போட்டு நான் எதுக்கு இருக்கோணும்?"

அக்கா, உங்கள் கடிதங்களில் எல்லாம் சுகம், சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் என்னிடம் ஒன்று கேட்கிறார். கொள்ளி வைக்கச் சொல்கிறார். பல தடவை வெயிலில் போய் விழுந்து பார்த்தாராம். பொழுது சாய்ந்தால் மறுபடி கண் விழித்துவிடுகிறதாம். பெற்றவள் 'வா' என்று கூப்பிட்டு வைத்தது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்கிறார். "எனக்குக் குடுத்தவ வாயால போன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். நம்ம வம்சத்து ஆம்பளை நீ கொள்ளி வெக்கோணும். ரெண்டும் நடந்தாத்தான் எனக்கு விடை" என்கிறார். இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்டதில்லையாம். கேட்கக் கூச்சமாக இருந்ததாம், அக்கா.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? டாக்டரைப் பார்த்தீர்களா?

தம்பி,
பாணி


குண்டடம்
12-9-66

தம்பிக்கு, நான் சுகந்தான். அன்னைக்கு வெயில்ல நின்னதுல மயக்கம் வந்துச்சு, வேற ஒண்ணுமில்லை. அவரைக் கூட்டிட்டு வா. நான் அப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

உனக்குத் தெரியாது பாணி. பெரியப்பன் போனாரு, அய்யன் போனாரு, ஆத்தா போனா. நீ திருப்பூர்க்காரன் ஆயிட்டே. பொங்கல் நோம்பிக்கு வருவே, எருமை எத்தனை பால் கறக்குதுன்னு கேப்பே, போயிருவே. பொழுது உழுந்தா அந்தக் கோடி அறைக் கதவு தொறக்கும். "மாரக்கா, இன்னைக்கு என்ன பண்ணுனே?"ன்னு ஒருத்தரு கேப்பாரு. களை வெட்டுனதைச் சொன்னாக்கூட உக்காந்து கேப்பாரு. நீ எழுதற லெட்டர்ல ஒண்ணுலயாவது அதைக் கேட்டிருக்கயா?

சத்தியத்துக்காக மட்டும் நான் கையை நீட்டுனேன்னு நெனைக்காதே.

மாரக்காள்


திருப்பூர்
17-9-66

நங்கையாளுக்கு உங்கள் தம்பி மனைவி சென்னம்மாள் வணக்கத்தோடு எழுதுகிறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? சும்மா எழுதறதுக்குக் கேக்கலைங்க, நெசமாவே கேக்கறேன். என் எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கங்க.

புதன்கிழமை அமாவாசை. உங்க தம்பி நைட் ஷிப்டுக்குப் போயிருந்தாங்க. சின்னவரைச் சாமான் அறையில வெச்சு வெளியே பூட்டியிருந்தோம், அவரே பூட்டச் சொன்னாரு. பாப்பாவைத் தூளியில போட்டுட்டு நான் கீழ படுத்தேன். எப்பக் கண்ணு அசந்ததுன்னு தெரியலை. முழிச்சுப் பாத்தா, பூட்டுக் கொண்டி பிஞ்சு தொங்குது. சின்னவரு தூளிகிட்ட நிக்கறாரு. மூச்சு மட்டும் கேக்குது. எனக்குக் கத்த வாய் வரலீங்க.

கையைத் தூளிக்குள்ள விட்டாரு. நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சுக்குங்க. உடனே "ஆ"ன்னு ஒரு சத்தம். பாப்பா சத்தமில்லை, அவரு சத்தம். அவ விரலைப் புடிச்சு வாயில வெச்சுக் கடிச்சிருக்கா! விடவும் மாட்டேங்கறா. சின்னவரு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. அழுகறாரா சிரிக்கறாரான்னு எனக்குத் தெரியலை. "அம்மிணி, இவ என்னையக் கடிக்கறா. என்னையக் கடிக்கறா பாரு"ன்னு அதையே சொல்றாரு. முகம் பழையபடி மனுச முகமா ஆயிருச்சு.

அப்பறம், "என்னையக் கட்டிப் போடு தாயி. திரும்ப வந்துருவேன்"னாரு. கையில கெடச்சது பனியன் துணிதான். இழுத்தா இழுபடற துணின்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கதவு நிலையோட சேத்துக் கட்டுனேன். விடியற வரைக்கும் அவரு இழுக்கவே இல்லீங்க. பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. நானும் பாப்பாவை மடியில வெச்சுட்டு எதிர உக்காந்திருந்தேன். அவங்க ஆத்தாளைப் பத்திச் சொன்னாரு. "பசிக்குப் பயந்துட்டா அவ. அவ மேல தப்பில்லை"ன்னாரு.

நங்கை, நானும் ஒரு புள்ளையப் பெத்தவதான். அந்த ஆத்தா எடத்துல இருந்தா நானும் வான்னுதான் கூப்பிட்டிருப்பேன். ஆனா இத்தனை வருசத்துக்கு வான்னு சொல்லியிருக்க மாட்டேங்க.

அவரு போனா உங்களுக்கு யாருன்னு நெனைக்கறீங்க. நாங்க இல்லீங்களா? உங்க தம்பிக்குக் கேக்கத் தெரியலை, ஆம்பளைங்க அப்படித்தான். நான் கேக்கறேன். நங்கை, இன்னைக்கு என்ன பண்ணுனீங்க?

உங்கள் மேல் பிரியமுள்ள,
சென்னம்மாள்


திருப்பூர்
3-10-66

அக்காவுக்கு, இத்தனை நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. சென்னம்மாள் தபால்காரரை வழியிலேயே நிறுத்திக் கேட்கிறாள். சின்னவர் எழுந்து நடக்கவே சிரமப்படுகிறார். நேற்று என் கையை நீட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி மகாளய அமாவாசை. நம் வீட்டில் செத்தவர்களுக்கெல்லாம் எள்ளும் தண்ணீரும் விடுவோம். அவருக்கு ஒருநாளும் விட்டதில்லை.

கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது? இன்றைக்கு என்ன செய்தீர்கள்?

பாணி


குண்டடம்
9-10-66

தம்பி பாணிக்கும் சென்னம்மாளுக்கும், நான் சுகமில்லை. இப்பத்தான் நெசத்தை எழுதறேன். சென்னம்மா லெட்டர் வந்த அன்னைக்குக் கெணத்து மேட்டுலயே உழுந்துட்டேன். பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி பொண்டாட்டி பாத்துத் தூக்கிட்டுப் போயி, தாராபுரம் ஆஸ்பத்திரியில பத்து நாள் கெடந்தேன். ஒடம்புல ரத்தமே இல்லை, எப்படி நடமாடுனேன்னு டாக்டர் கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? அங்க படுத்திருக்கறப்ப ரெண்டு ராத்திரி பயம். அப்பறம் ஒண்ணு தோணுச்சு. நான் செத்திருந்தா அடுத்த தலைமுறைக்கு யாரு? உன்ற மகதான். அந்தத் தூளியில கெடக்கறவ.

கீழ எழுதியிருக்கறதை அவருக்குப் படிச்சுக் காட்டு. நீ படிக்காதே, சென்னம்மா படிக்கட்டும். பொம்பளைக் குரல்ல கேக்கட்டும்.

சின்னவருக்கு மாரக்காள் எழுதறது. உங்க பசிக்கு நான் குடுத்தது எனக்குப் பாரமில்லை. நீங்க என்னைத் தனியா இருக்க விடலை, அதுக்கு நான் கும்பிடறேன். தெனமும் விடியறப்ப நீங்க வர்றேன்னு சொல்லிட்டு அறைக்குள்ள போவீங்க, நான் வாங்கன்னு சொல்லுவேன். வேற மாதிரிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இந்த ஒரு வார்த்தையை எழுதறதுக்கு மூணு காயிதம் கிழிச்சுட்டேன். போதுமுங்க சின்னவரே. இனிமே நீங்க வர வேண்டாம். போங்க.


திருப்பூர்
18-10-66

அன்புள்ள அக்காவுக்கு, முடிந்தது. உங்கள் தம்பி, சென்னம்மாள், பாப்பா மூவரும் நலம். முதலில் அதை எழுதிவிட்டேன், இனிமேல் நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. விளக்கு வைத்தபின் சென்னம்மாள் படித்தாள். கடைசி வரி முடிந்ததும் சின்னவர், "அதை மறுக்காப் படி அம்மிணி" என்றார். படித்தாள். பிறகு குளித்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். அரையும் குறையுமாக மிஷினில் நின்ற துணியை ஓட்டி முடித்துக் கொடுத்தார். பாயிடம், "ஊருக்குப் போறனுங்க" என்று சொல்லிக்கொண்டார்.

விடிவதற்கு முன் சைக்கிளில் உட்கார வைத்து நொய்யல் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சென்னம்மாள் பாப்பாவோடு பின்னால் வந்தாள். ஆற்று மணலில் சலவைக்காரர்கள் துணி விரித்திருந்தார்கள். வெயில் வந்தது. அவர் முகத்தை மூடவில்லை.

"ஆத்துல எதுக்குக் கண்ணு இத்தனை வெள்ளை?" என்றார்.

"பனியன் துணிங்க. வெளுத்துக் காயப் போட்டிருக்காங்க. நீங்க ஓட்டினதும் இதுல இருக்கும்" என்றேன்.

"ராத்திரியில பாக்கறப்ப எல்லாம் ஒரே சாம்பல் நிறமாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தார்.

பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை அக்கா. எரியவில்லை, அலறவில்லை. வெயில் ஏற ஏற வயசு வந்தது. முதலில் குடுமி நரைத்தது. கன்னம் ஒட்டியது. கையில் தோல் சுருங்கியது. பாப்பா ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். "பசிக்குதுங்களா?" என்று சென்னம்மாள் கேட்டாள். "இல்ல தாயி. தாகமா இருக்குது" என்றார். சொம்பிலிருந்து கொடுத்தாள். தண்ணீர், அக்கா. வெறும் தண்ணீர். மடக் மடக்கென்று குடித்தார், தாடையெல்லாம் வழிந்தது. இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டார். பழக்கத்தில் "வர்..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டு, "போறேன் கண்ணு. மாரக்காகிட்டச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

சலவைக்குப் போட்ட துணியைப் பார்க்க வந்த காஜா மொய்தீன் பாய் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். யார் பெரியவர் என்றார். அப்புசாமியின் தாத்தா என்றேன், வேறு என்ன சொல்வது? "மூக்கு அப்படியே அவன் மூக்கு" என்றார். ஆள் அனுப்பி மூங்கிலும் தென்னை ஓலையும் கொண்டுவரச் செய்ததெல்லாம் அவர்தான். "எவ்வளவு வயசு?" என்றார். நூற்றுக்கு மேல் இருக்கும் என்றேன். "நல்ல சாவுப்பா, வருத்தப்படாதே" என்று என் முதுகில் தட்டினார். அவர் கேட்டபடி கொள்ளியை நானே வைத்தேன். பொழுது சாய்கிறவரை அங்கேயே நின்றேன். இருட்டியது. யாரும் எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். எழுந்ததும் சென்னம்மாளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. செத்த வீட்டில் சிரிக்கலாமா என்று அவளே கேட்டுவிட்டு அவளே இன்னும் சிரித்தாள்.

பாய் மட்டும் அப்புசாமி மேல் கோபமாக இருக்கிறார். தாத்தா சாவுக்குக்கூட வராத பயல் என்கிறார். அப்படியும் நைட் ஷிப்டில் அவன் இடத்தை இன்னும் யாருக்கும் தரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

பாணி


குண்டடம்
24-1-67

தம்பி பாணிக்கும் சென்னம்மாளுக்கும், பொங்கல் முடிஞ்சு எல்லாரும் சௌக்கியமா? நான் தேறிட்டேன். டாக்டர் குடுத்த டானிக்கு கசக்குது, ஆனாலும் குடிக்கறேன். ஈரல், முருங்கைக்கீரைன்னு மயில்சாமி பொண்டாட்டி தெனம் ஒண்ணு கொண்டாந்து வெக்கறா. கண்ணாடியில பாத்தா ஒதடு செவந்திருக்குது.

கொத்தனாரை விட்டுக் கோடி அறைச் செவுத்தை ஒடைச்சு ஜன்னல் வெச்சேன். பொழுது உழுந்தா காது இன்னும் அந்தப் பக்கம் போகுது, பொய் சொல்ல மாட்டேன். அப்பறம் சென்னம்மா லெட்டரை எடுத்துப் படிப்பேன். அமாவாசை வந்தா மத்தவங்களாட்ட வாசல் தெளிச்சுட்டு, சாப்பிட்டுட்டு, படுத்துத் தூங்கறேன்.

சென்னம்மா, இன்னைக்கு என்ன பண்ணுனேன்னு கேட்டயே. பஸ் ஏறித் தனியாச் சந்தைக்குப் போனேன். திரும்பி வர்ற பஸ்ஸை விட்டுட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஊட்டுல யாரும் காத்துட்டு இல்லைங்கறது முதல்ல சங்கடமா இருந்துச்சு. அப்பறம் ஒரு காப்பி வாங்கிக் குடிச்சேன்.

அக்கா,
மாரக்காள்


கன்னியாகுமரி
19-5-67

பாணிக்கும் சென்னம்மாளுக்கும், நான் நல்லா இருக்கறேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீங்க. ஊர்ப் பொம்பளைங்க பதினஞ்சு பேரு டூரிஸ்ட் பஸ்ஸுல வந்திருக்கறோம். மூணு ராத்திரி வெளியூர்ல படுத்தாச்சு. சத்திரத்துல குறட்டை தாங்கலை.

கடலைப் பாத்தேன். இவ்வளவு தண்ணிய வெச்சுட்டு ஒருத்தரும் கம்பு வெதைக்கலையேன்னு மாரக்கவுண்டர் சம்சாரம் சொன்னா, எல்லாரும் சிரிச்சோம். காலை நனைக்கறப்ப கிளிஞ்சல் குத்தி ரத்தம் வந்துருச்சு. பழக்க தோசத்துல கையைக் கீழ ஏந்திட்டேன், ஒரு சொட்டு வீணாகக் கூடாதுன்னு. அப்பறம் கையை எடுத்துட்டேன். அலை வந்து கழுவிட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல ரத்தம் அதுவா நின்னுருச்சு. நான் அங்கயே நின்னு வாய்விட்டுச் சிரிச்சேன், கூட வந்தவங்க என்னமோ ஏதோன்னு பாத்தாங்க.

நேரா திருப்பூர் வந்து எறங்கறேன். பத்து நாள் இருப்பேன். பாப்பாவுக்குச் சங்கு மாலை வாங்கியிருக்கறேன், கடிக்கட்டும்.

அக்கா